ஒரு சதுர சென்டிமீட்டரின் கனம்

பினாங்கில் ஆயர் ஈத்தாம் போகும் வழியில் இருக்கும் ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடி வீடுகளைத் தெரியாதவர் இல்லை. மலாய்க்காரர்கள் பாடாங் தெம்பாக் என்பார்கள். சுடும் திடல் இருந்த வட்டாரத்தில் 1960களின் கடைசியில் மலிவு விலை வீடுகள் எழுந்தன. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இன்று அந்த வீடுகளில் யாரிடமாவது ரைபிள் இருந்தால் அடுத்த நாள் பத்திரிகையில் படம் வரும். 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி போலீஸ் உரிமம் இல்லாமல் துப்பாக்கி மட்டுமல்ல, ஒரு தோட்டாவைக்கூட வைத்திருக்கக் கூடாது. 1971இல் வந்த கடும் தண்டனைச் சட்டம் உரிமமில்லாத துப்பாக்கிக்கு 14 ஆண்டுவரை சிறையும் பிரம்படியும் விதிக்கிறது. உரிமம் பெற்ற சிலரிடமும் பெரும்பாலும் இருப்பது பழத்தோட்டத்தையோ செம்பனையையோ காக்க வாங்கிய 12 போர் ஷாட்கன்தான்.

அப்படியிருக்க, பெருவிலங்குக்கு எந்த ரைபிள் குண்டு ஏற்றது என்ற கேள்வியைப் பினாங்கிலிருந்து ஏன் கேட்க வேண்டும்? சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் வந்த கப்பல்கள் முதலில் தொட்ட கரை இது. பேராக் காடுகளுக்குப் போன வெள்ளைக்காரருக்கும், பால்மரத் தோட்டங்களுக்குப் போன நம் ஆட்களுக்கும் இதே துறைமுகம்தான் வாசல். ஜார்ஜ் டவுனை 1786இல் நிறுவிய பிரான்சிஸ் லைட்டே அதற்கு முன்பு சென்னை வணிகக் கம்பெனி ஒன்றின் ஆளாகக் கெடாவிலும் பூக்கெட்டிலும் துப்பாக்கி உட்படப் பலதும் விற்ற கப்பல் வியாபாரி. யானைக்கும் செலாடாங்குக்கும் எது போதும், எது போதாது என்று ஐரோப்பியர் எழுதிக் குவித்த வாதங்களில் மலாயாக் காட்டுக்கும் இலங்கைக் காட்டுக்கும் பெரிய பங்கு உண்டு. அந்த வாதங்களில் எது கணக்கு, எது வீறாப்பு என்று பிரித்துப் பார்ப்பதே இங்கு நோக்கம்.

ஒரு தெளிவு. குழலைவிட்டுப் பறக்கும் உலோகத்தை இங்கே குண்டு என்கிறேன். குண்டும் மருந்தும் கேப்பும் கூடும் சேர்ந்த முழு உருப்படி தோட்டா.

குண்டு விலங்கை 'அதிர்ச்சியால்' கொல்கிறது என்ற நம்பிக்கை இன்னும் சாகவில்லை. உண்மையில் விலங்கு விழுவது இரண்டே வழிகளில். மூளையோ தண்டுவடமோ அறுந்தால் நின்ற இடத்தில் விழும். இதயமும் நுரையீரலும் பெரிய இரத்தக்குழாய்களும் கிழிந்தால் இரத்த அழுத்தம் இறங்கி, சில விநாடிகளிலிருந்து ஒரு நிமிடத்துக்குள் விழும். இரண்டுக்கும் குண்டு உள்ளே அந்த இடம்வரை போய்ச் சேர வேண்டும். தோல், கொழுப்பு, தசை, விலா எலும்பு, சில சமயம் தோள்பட்டை எலும்பு, இத்தனையையும் தாண்ட வேண்டும். போய்ச் சேர்ந்த பிறகு போதிய அகலத்துக்குக் கிழிக்கவும் வேண்டும். ஆழமும் அகலமும் ஒன்றையொன்று தின்பவை. குண்டைப் பற்றிய நூற்றைம்பது ஆண்டு வாதம் முழுவதும் இந்த இழுபறிதான்.

ஆழத்தை அளக்க எளிய கணக்கு ஒன்று உண்டு. குண்டின் எடையை அதன் முகப் பரப்பால் வகுத்தால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் முகத்தின் பின்னாலும் எத்தனை கிராம் தள்ளுகிறது என்று தெரியும். முகக்கனம் என்று சொல்லிக்கொள்வோம். வேகமும் வடிவமும் ஒத்திருந்தால், முகக்கனம் அதிகமான குண்டு ஆழமாகப் போகும். இந்த ஓர் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டால் பழைய வேட்டை நூல்களின் பாதி சண்டை தீர்ந்துவிடும்.

ஈயக் குண்டின் காலத்திலிருந்து தொடங்கலாம். போர் என்ற அளவு ஒரு பவுண்டு ஈயத்தில் எத்தனை உருண்டை வார்க்கலாம் என்பதைக் குறிக்கிறது. 12 போர் உருண்டை 37.8 கிராம், விட்டம் 18.5 மில்லிமீட்டர், முகக்கனம் 14 கிராம். 8 போர் உருண்டை 56.7 கிராம், முகக்கனம் 16. எடை ஒன்றரை மடங்கு ஏறியும் ஊடுருவும் திறன் அவ்வளவாக ஏறவில்லை. உருண்டையின் சாபம் அது: பெரிதாக்கினால் முகமும் கூடவே பெரிதாகும். இலங்கை நுவரெலியாவில் 1840களின் கடைசியிலிருந்து சில ஆண்டுகள் குடியிருந்த சாமுவேல் பேக்கர், பிரிஸ்டல் கிப்ஸ் பட்டறையில் செய்வித்த ரைபிள் ஏறக்குறைய ஒன்பதரை கிலோ. அது எறிந்தது மூன்று அவுன்ஸ் குண்டு, 85 கிராம். அதற்கே முகக்கனம் 18 பக்கம்தான் வருகிறது. தோளைப் பிளக்கும் அந்தப் பாரமெல்லாம் வாங்கிக் கொடுத்தது இவ்வளவுதான். மேலும் சுத்த ஈயம் எலும்பில் பட்டால் தட்டையாகும். அதனால் வேட்டைக்காரர்கள் ஈயத்தில் வெள்ளீயமோ பாதரசமோ கலந்து இறுக்கினார்கள். அதே இலங்கையில் மேஜர் தாமஸ் ராஜர்ஸ் ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படுகிறது. 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். அந்தச் சாவைப் பற்றி ஊரில் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்று ஊகிக்கச் சிரமமில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் புகையில்லா மருந்து வந்தது. குண்டு ஒல்லியானது, நீண்டது, வேகம் ஒன்றரை மடங்கு கூடியது. வெறும் ஈயம் அந்த வேகத்தில் குழலின் சுருள் வரிகளில் உரிந்து ஒட்டிக்கொள்ளும் என்பதால் செம்பு-நிக்கல் உறை போட்டார்கள். பிரிட்டிஷ் ராணுவத்தின் .303 குண்டு 13.9 கிராம், விட்டம் 7.9 மில்லிமீட்டர், முகக்கனம் 28. பேக்கரின் பீரங்கிக் குண்டைவிட ஆறில் ஒரு பங்கு எடை. ஊடுருவலிலோ ஒன்றரை மடங்கு.

ஆனால் முழு உறை போட்ட குண்டு நுழைந்த அகலத்திலேயே வெளியேறியது. 1895இல் இந்திய வடமேற்கு எல்லையில் நடந்த சித்ரால் சண்டைக்குப் பிறகு, சுடப்பட்டவர்கள் தொடர்ந்து ஓடி வருகிறார்கள் என்று ராணுவம் புலம்பியது. கல்கத்தாவுக்கு அருகே தம்தம் ஆயுதச்சாலையின் கேப்டன் நெவில் பெர்ட்டி-கிளே முனையில் உறையை நீக்கி ஈயத்தை வெளியே விட்டார். பட்டவுடன் முனை காளானாக விரிந்தது. 1899 ஹேக் மாநாட்டில் பல நாடுகள் சேர்ந்து, உடலுக்குள் விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்துவதில்லை என்று பிரகடனம் செய்தன. பிரிட்டன் முரண்டு பிடித்து 1907இல்தான் சேர்ந்தது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. மனிதன் மேல் கூடாது என்று ஹேக் தள்ளிய அதே அமைப்பை, மானைச் சுடுவதற்கு இங்கிலாந்தின் 1991 மான் சட்டம் கட்டாயமாக்குகிறது. ரைபிளால் மானைச் சுட்டால் மென்முனையோ குழிமுனையோ உள்ள குண்டுதான் போட வேண்டும். முழு உறைக் குண்டு குற்றம். இரண்டு சட்டங்களுமே இரக்கத்தின் பெயரால் எழுந்தவை. காயப்பட்ட சிப்பாய் பிழைக்கலாம் என்று முதலாவது கணக்குப் போடுகிறது. காயப்பட்ட மான் புதருக்குள் போய் மூன்று நாள் செத்துக்கொண்டிருக்கக் கூடாது என்று இரண்டாவது. என் பார்வையில் இரண்டாவது கணக்கில் தவறில்லை. முதலாவதுதான், கொல்லப் போகும் இடத்தில் நாகரிகம் பேசுவது போல் தோன்றுகிறது.

விரியும் குண்டின் விலையைப் பார்ப்போம். விட்டம் இரண்டு மடங்கானால் முகம் நான்கு மடங்காகும். முகக்கனம் 28லிருந்து 7க்கு இறங்கும். புலி, சிறுத்தை, மான் போன்ற மெல்லிய தோல்காரருக்கு இது போதும். பெரும்பாலும் இதுவே வேண்டும். தோள்பட்டையிலிருந்து நுரையீரல் கைக்கெட்டும் ஆழத்தில்தான் இருக்கிறது. பெங்களூரில் வாழ்ந்து ஜவளகிரி, அஞ்செட்டி, பென்னாகரம் காடுகளில் ஆட்கொல்லிகளைத் தேடிப் போன கென்னத் ஆண்டர்சன் கடைசிவரை விடாமல் வைத்திருந்தது .405 வின்செஸ்டர். 19.4 கிராம் குண்டு, 10.4 மில்லிமீட்டர் விட்டம், முகக்கனம் 23க்குச் சற்றுக் கீழே. அதே தோட்டாவை தியோடர் ரூஸ்வெல்ட் 1909இல் ஆப்பிரிக்கச் சிங்கங்களின்மேல் சோதித்துவிட்டு மனம்விட்டுப் பாராட்டினார். யானைக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது. புலிக்கும் சிங்கத்துக்கும் ஏற்ற கனம் யானையிடம் செல்லாது. எண்ணைப் பார்த்தாலே காரணம் விளங்கும்.

யானையின் மண்டையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குண்டுக் கலையின் கடினமான கணக்கு அங்குதான் இருக்கிறது. வெளியே தெரியும் அந்தப் பெரிய நெற்றி பெரும்பாலும் காற்றறைகள் நிறைந்த எலும்பு. மூளை மண்டையின் பின்பக்கம், தாழ்வாக, இரண்டு காதுத் துளைகளுக்கு நடுவே கிடக்கிறது. முன்னாலிருந்து சுடுபவரின் குண்டு பல பத்து சென்டிமீட்டர் எலும்பைக் கடக்க வேண்டும். யானை தலையைத் தூக்கினால் அல்லது தாழ்த்தினால் குறி மாறிவிடும். மென்முனைக் குண்டு இங்கே வழியிலேயே பிய்ந்து நின்றுவிடும். தேவைப்படுவது விரியாத குண்டு: தடித்த எஃகு உள்ளுறையின் மேல் நிக்கல் பூச்சு, முனை மழுங்கல். கூர்முனை தவறு. அடர்த்தியான பொருளுக்குள் போகும்போது கூர்முனைக் குண்டு பக்கவாட்டில் புரளும். மழுங்கல் முனைதான் நேர்க்கோட்டில் நிற்கும். இப்போது ஒரே உலோகத்தில் கடைந்தெடுக்கும் திடக் குண்டுகளின் முனையைத் தட்டையாகவே செய்கிறார்கள்.

ஸ்காட்லாந்துக்காரர் வால்டர் பெல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க யானைகளைச் சுட்டவர். அவற்றில் கணிசமானவற்றை வீழ்த்தியது வெறும் 7 மில்லிமீட்டர் ரைபிள், 11.2 கிராம் ராணுவ உறைக் குண்டு. கேட்பவர்கள் வாய் பிளப்பார்கள். முகக்கனத்தைக் கணக்கிட்டால் வியப்புக் குறையும்: 27. லண்டன் பட்டறைகள் பெரும் பணத்துக்கு விற்ற .470 நைட்ரோ எக்ஸ்பிரஸின் 32.4 கிராம் குண்டுக்கு வருவது 28. ராணுவ .303க்கும் அதே 28. மூன்றும் ஏறக்குறைய ஒரே ஆழம் போகக்கூடியவை. பெல் செத்த யானையின் மண்டையை ரம்பத்தால் அறுத்து மூளை இருக்கும் இடத்தை மனப்பாடம் செய்துகொண்டவர். குறி தெரிந்தவனுக்கு ஒல்லிக் குண்டு போதும்.

ஆனால் பெல்லின் கதையை மலாயாவுக்கு அப்படியே கொண்டுவர முடியாது. அவர் சுட்டது உகாண்டாவின் கரமோஜாவில், திறந்த புல்வெளியில், நிதானமாக, கூட்டம் கலையும்வரை காத்திருந்து. பேராக், பகாங் காட்டில் பிரம்பும் புதரும் பின்னிக் கிடக்கும். பத்து இருபது மீட்டருக்குள் வந்த பிறகே விலங்கு தெரியும். தெரிவதும் ஒரு காதும் கொஞ்சம் தோளும்தான். பாதி நேரம் அது உங்களை ஏற்கனவே பார்த்திருக்கும். இந்த இடத்தில் குறி பிசகுவது விதி, விலக்கல்ல. மூளைக்கு விரலகலம் பக்கத்தில் போகும் 7 மில்லிமீட்டர் குண்டு யானையைத் திருப்பாது. அதே இடத்தில் போகும் 12 மில்லிமீட்டர் குண்டு ஒரு கணம் தடுமாற வைக்கும். இரண்டாம் குழலைச் சுட அந்தக் கணம் போதும். ஆழம் ஒன்றேயானாலும், பிழையை மன்னிப்பது பெரிய குண்டு. இந்த 'தடுமாற வைக்கும்' குணத்தை எடை, வேகம், விட்டம் மூன்றையும் பெருக்கி எண்ணாக்கியவர் ஜான் டெய்லர். 1948இல் வந்த அவருடைய நூலிலிருந்து இன்றுவரை எல்லோரும் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். அது அனுபவசாலி ஒருவரின் மதிப்பீடு, இயற்பியல் விதியல்ல. அப்படியே எடுத்துக்கொண்டால் பயன் உண்டு.

மலாயாவில் இதையெல்லாம் நேரில் பார்த்து எழுதியவர்களில் தலையாயவர் தியோடர் ஹப்பேக். கோலாலம்பூர் ரயில் நிலையத்தை வடிவமைத்த கட்டடக் கலைஞர் ஆர்தர் ஹப்பேக்கின் உடன்பிறந்தவர். மலாய் நாடுகளில் யானையும் செலாடாங்கும் வேட்டையாடியதைப் பற்றிய அவர் நூல் 1905இல் லண்டனில் வந்தது. செலாடாங் என்பது தமிழ்நாட்டில் நாம் காட்டெருமை என்று வழங்கும் காட்டுமாட்டின் மலாயா இனம். முழு வளர்ந்த காளை முக்கால் டன்னுக்கு மேலே. யானையைவிட இதுவே ஆபத்தானது என்று பழைய வேட்டைக்காரர் பலர் சொன்னதற்குக் குண்டு சம்பந்தமான காரணம் ஒன்று உண்டு. தோளின் மேல் எழும் திமிலில் சுட்டால் நீண்ட முதுகெலும்பு முட்களும் தசையும்தான் கிழியும், உயிர் போகாது. இதயம் நாம் நினைப்பதைவிடக் கீழே, முன்னங்காலின் பின்னால் இருக்கிறது. குறுக்கே நின்றால் மென்முனை போதும். விலகி ஓடும்போது பின்னாலிருந்து சுட்டால் வயிறு நிறைந்த புல்லைத் தாண்டி நெஞ்சறைவரை போகத் திடக் குண்டு வேண்டும். இரட்டைக் குழல் ரைபிளின் வலக்குழலில் மென்முனை, இடக்குழலில் திடம் என்று போடும் வழக்கம் இதனால் வந்ததுதான்.

வேட்டை நூல்களை வாசிக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது: எழுதியவர் சுட்டு விழுந்ததை எழுதினார், சுட்டு ஓடியதை அவ்வளவாக எழுதவில்லை. ஓடியது எங்கே போனது என்பது லயத்தில் குடியிருந்தவருக்குத் தெரியும். பால் வெட்ட விடியற்காலை இருட்டில் போன நம் சனத்திடம் துப்பாக்கி இல்லை, கத்தியும் வாளியும்தான். வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் 1907இல் வட இந்தியாவில் சுட்ட சம்பாவத் பெண்புலியின் கணக்கில் 436 மனித உயிர்கள் சொல்லப்படுகின்றன. அதன் வலப்பக்க மேல்கீழ்க் கோரைப்பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. பழைய துப்பாக்கிக் காயம் என்றார் கார்பெட். இயல்பான இரையைப் பிடிக்க முடியாமல் ஆக்கியது யாரோ ஒருவருடைய தவறிய குண்டு. பெயர் தெரியாத அந்த ஆளின் தோட்டாத் தேர்வைப் பற்றி எந்த நூலும் எழுதப்படவில்லை.

தேர்வை எப்போதும் விலங்கு தீர்மானித்ததும் இல்லை. லண்டன் ரிக்பி கம்பெனி 1898இல் கொண்டுவந்த .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் பெருவிலங்கு ரைபிள்களின் புது யுகத்தைத் தொடங்கியது. பத்தாண்டுக்குள் இந்திய அரசாங்கம் அந்த அளவுக் குண்டுகளைத் தனியாருக்குத் தடை செய்தது. பழைய ராணுவ மார்ட்டினி-ஹென்றி ரைபிள்கள் கலகக்காரர் கையில் இருந்தன; வேட்டைக்காரரின் குண்டு அவற்றுக்குப் போய்விடும் என்ற பயம். பட்டறைகள் அவசர அவசரமாக .465, .470, .475 என்று புதிய அளவுகளை வடித்தன. யானைக்கு இந்த நூலளவு வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை. புகழ்பெற்ற .470 காட்டின் தேவையில் பிறந்ததல்ல, போலீஸ் பயத்தில் பிறந்தது.

வெயிலும் சேர்ந்துகொண்டது. அப்போதைய புகையில்லா மருந்தான கார்டைட் சூட்டில் வேகமாக எரியும். குழலுக்குள் அழுத்தம் ஏறும். ஸ்காட்லாந்துக் குளிரில் ஒழுங்காகச் சுட்ட ரைபிளில், வெப்ப நாட்டு வெயிலில் கிடந்த தோட்டா வெடித்தால் கூடு விரிந்து ஒட்டிக்கொள்ளும். இரண்டாம் தோட்டா போட முடியாமல் யானை முன்னால் நிற்பதை எண்ணிப் பாருங்கள். அதனால் இந்தியாவுக்கும் கிழக்குக்கும் மருந்தைக் குறைத்த 'ட்ராபிகல்' தோட்டாக்களைத் தனியாக அடைத்தார்கள். 1911இல் வந்த .416 ரிக்பியின் கூடு அவ்வளவு பெரிதாக இருப்பதும் இதனால்தான்: இடம் கூடினால் அழுத்தம் குறையும். ஷாட்கன்காரருக்கு வந்த தொல்லை வேறு. அக்காலத்து அட்டைக் கூடுகள் மழைக்கால ஈரத்தில் ஊதி, குழலுக்குள் நுழையாமல் நிற்கும். பிளாஸ்டிக் கூடு 1960களில் வந்த பிறகே அது தீர்ந்தது.

ரைபிள் மலாயாக் காட்டைவிட்டு எப்படிப் போயிற்று என்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1948இல் அவசரகாலம் வந்தது; உரிமமில்லாத ஆயுதத்துக்குத் தூக்கு. காடு வேட்டைக்களம் என்ற நிலை போய்ப் போர்க்களமானது. ஹப்பேக் அதற்கு முன்பே கட்சி மாறியிருந்தார். 1930களின் தொடக்கத்தில் மலாயா காட்டுயிர் ஆணையத்துக்குத் தலைமையேற்று, பிறகு தாமன் நெகாராவாகிய ஐந்தாம் ஜார்ஜ் தேசியப் பூங்காவுக்கு வழி செய்தார். 1972இல் காட்டுயிர்ச் சட்டம். 2010இல் அதைவிடக் கடுமையான புதுச் சட்டம். இன்று யானை, புலி, செலாடாங் எல்லாம் முழுப் பாதுகாப்பில். மலாயாப் புலி 150க்கும் கீழே என்று 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பு சொன்னது. செம்பனையில் புகும் யானையை 1974 முதல் காட்டுயிர்த் துறையான பெர்ஹிலித்தானின் ஆட்கள் மயக்க ஊசியெறிந்து பிடித்து வேறு காட்டில் விடுகிறார்கள். அந்த ஊசியும் ஒரு வகையில் குண்டுதான். அதற்கும் எடை, வேகம், படும் இடம் என்ற அதே கணக்கு உண்டு. வேகம் கூடினால் எலும்பு உடையும், குறைந்தால் தடித்த தோலில் நின்றுவிடும்.

எஞ்சியிருப்பது காட்டுப்பன்றி. பினாங்கில் பெருவிலங்கு என்று சட்டப்படி ஒருவர் சுடக்கூடியது அநேகமாக அது ஒன்றுதான். அதற்கும் பெர்ஹிலித்தான் உரிமம் வேண்டும். பாலிக் புலாவ் சரிவுகளில் டுரியான் விழும் காலத்தில் பன்றிக்கு விருந்து. 2023 தொடக்கத்தில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பினாங்குப் பண்ணைகளைத் தாக்கியது. காட்டுப்பன்றிக்கும் உயிர்க்கொல்லியான நோய் அது. அப்படியும் பழத்தோட்டக்காரரின் புலம்பல் ஓயவில்லை.

12 போர் ஷாட்கனுக்கு முன்னால் இரண்டு வழி. ஒன்று எஸ்.ஜி.: 32 கிராம் தோட்டாவில் ஒன்பது உருண்டைகள், ஒவ்வொன்றும் 8.4 மில்லிமீட்டர், மூன்றரை கிராம். இன்னொன்று ஸ்லக்: 28 கிராமில் ஒரே குண்டு. ஜெர்மனியின் பிரென்னெக்கே 1898இலும் அமெரிக்காவின் ஃபாஸ்டர் 1931இலும் வடித்தவற்றின் வழிவந்தவையே கடையில் கிடைப்பவை. கேட்டுப் பார்த்தால் பலரும் எஸ்.ஜி.யைத்தான் சொல்வார்கள். 'ஒன்பதில் ஒன்றாவது படும்.' இந்த வாதம் எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை.

கணக்கைப் பாருங்கள். ஸ்லக்கின் முகக்கனம் 10. ரைபிள் குண்டுக்கு முன்னால் அது பாமரன்தான், ஆனால் பன்றியின் நெஞ்சுக்குப் போதும். நொடிக்கு 450 மீட்டர் வேகத்தில் 2800 ஜூல் சக்தி, பழைய .303க்குக் கிட்டத்தட்டச் சமம். எஸ்.ஜி. உருண்டையின் முகக்கனம் 6.4, தனித்தனிச் சக்தி 250 ஜூல் பக்கம். ஆண் பன்றியின் தோள்மேல் வயதாக ஆக இறுகும் குருத்துக் கவசம் ஒன்று உண்டு. சேற்றில் புரண்டு காய்ந்த மண்ணும் ரோமமும் அதன்மேல் அப்பியிருக்கும். இருபது மீட்டரில் ஆறேழு உருண்டை சேர்ந்து பட்டால் விழும். நாற்பது மீட்டரில் உருண்டைகள் பன்றியின் உடலைவிட அகலமாகப் பரவிவிடும். ஒன்றோ இரண்டோ குடலில் பட்டு, பன்றி புதருக்குள் போய்விடும். 'ஒன்றாவது படும்' என்பதன் முழுப் பொருள் இதுதான்.

ஸ்லக்குக்கும் குறை உண்டு. குழலில் சுருள் வரி கிடையாது, குறி பார்க்க நுனியில் ஒரு மணி மட்டும். ஐம்பது மீட்டருக்கு மேல் நம்ப முடியாது. ஆனால் தவறிப்போன ஸ்லக் பல நூறு மீட்டர் தாண்டியும் ஆளைக் கொல்லும். சுமார் 295 சதுர கிலோமீட்டர் தீவில் ஏறத்தாழ எட்டு லட்சம் பேர் வாழும் இடத்தில் இது லேசான விஷயமல்ல. சரிவின் மேலிருந்து கீழ்நோக்கி, பன்றிக்குப் பின்னால் மண் இருக்கும்படி சுட வேண்டும். வானத்தை முதுகாக வைத்து நிற்கும் பன்றியை விட்டுவிட வேண்டும். பாறையும் ஈர மண்ணும் கலந்த சரிவில் குண்டு தெறிக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இருபது மீட்டருக்குள் அடர்ந்த செம்பனை என்றால் எஸ்.ஜி.; பார்வைக்கு இடமிருந்து, பின்னால் மேடும் இருந்தால் ஸ்லக்; இரண்டும் இல்லாவிட்டால் சுடாமல் திரும்புவதுதான் சரியான தேர்வு.

கடைசியாக ஈயம். மென்முனை ரைபிள் குண்டு விரியும்போது கண்ணுக்குத் தெரியாத ஈயத் துணுக்குகளைக் காயத்தைச் சுற்றி இறைக்கிறது; எக்ஸ்ரேயில் அவை நட்சத்திரப் பொடி போல் தெரியும். துணுக்கு தின்ற கழுகினங்கள் சாவதைக் கண்டு கலிபோர்னியா 2019 ஜூலையில் வேட்டையில் ஈயத்தை முழுக்கத் தடுத்தது. ஈயச் சன்னத்தை 1996இலேயே தடுத்திருந்த டென்மார்க் 2024 ஏப்ரலில் ஈய ரைபிள் குண்டையும் தடுத்தது. மாற்றாக வந்தது முழுச் செம்புக் குண்டு. அமெரிக்காவின் பார்ன்ஸ் 1989இல் பரவலாக்கியது. செம்பு ஈயத்தைவிட இலேசு, கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராமுக்குப் பதில் 8.9. அதனால் அதே எடைக்குக் குண்டு நீளும். ஆனால் அது பொடியாவதில்லை. விரிந்த இதழ்களோடு எடையைக் கிட்டத்தட்ட முழுதாக வைத்திருக்கிறது. முகக்கனம் விரியும்போது குறைந்தாலும் எடை போகாததால், ஈயக் குண்டு நின்றுவிடும் இடத்தைத் தாண்டிச் செல்கிறது.

பினாங்கிலும் செபராங் பிறையிலும் காட்டுப்பன்றிக் கறி தமிழர் வீடுகளிலும் சீனர் வீடுகளிலும் இன்னும் அடுப்பேறுகிறது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஈயம் எவ்வளவு குறைவானாலும் கெடுதிதான். ஷாட்கன் வேகத்தில் ஈயம் ரைபிளைவிடக் குறைவாகவே பொடியாகும், ஆனால் எலும்பில் பட்டால் சிதறும். இரத்தம் கட்டிய சதையைச் சுற்றிலும் ஒரு சாண் வெட்டி எறிவதுதான் கையிலுள்ள வழி. அதை நாய்க்கும் போடக் கூடாது. ஸ்லக் பட்ட பன்றியில் அதை ஒரே இடத்தில் செய்துவிடலாம். எஸ்.ஜி. பட்டதில் ஒன்பது இடம் தேட வேண்டும், அதில் இரண்டு மூன்று அகப்படாமலே குழம்புக்குப் போகும்.